மலையில் ஏன் உயிர்ச்சுவடு இல்லை, இரத்தினபுரிக் குழியில் வரும் நீர்யானைப் பல் எதற்குச் சான்று?

ஹட்டன் பக்கத்தில் உயர்தர உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டது இது: "கூர்ப்புக்கு உயிர்ச்சுவடுகள் சான்று என்று படிக்கிறோம். எங்கள் தோட்டத்தில் ரோட்டுக்காக மலையை வெட்டினார்கள், மண்சரிவில் பாதி மலை இறங்கியது, ஒரு எலும்புகூட வெளியே வரவில்லை. இரத்தினபுரி மாணிக்கக் குழியில் மட்டும் நீர்யானைப் பல், காண்டாமிருகப் பல் வருகிறதாம். அவை இங்கே எப்படி வந்தன? அழிந்துவிட்டன என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இதில் கூர்ப்பு எங்கே இருக்கிறது?"

முதலில் மலை. மத்திய மலைநாட்டின் அடிப்பாறை முழுவதும் உருமாறிய பாறை. ஏறத்தாழ 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், இந்தப் பாறை 20, 30 கிலோமீற்றர் ஆழத்துக்கு அமுங்கி, 700 முதல் 900 பாகை செல்சியஸ் வரை வெந்தது. அந்த வெப்பத்தில் களிமண் கார்னெட்டும் சிலிமனைட்டும் உள்ள பாறையாகிறது, மணல் குவாட்சைற்றாகிறது, சுண்ணாம்புக்கல் பளிங்காகிறது. பாறைக்குள் ஏதாவது இருந்திருந்தாலும் அதன் உருவம் மிஞ்சாது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு, பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது. ஓடும் எலும்பும் போன்ற கடினமான பாகமுள்ள விலங்குகள் பாறைகளில் பரவலாகத் தென்படத் தொடங்குவது ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். நம் பாறை அதற்கு முன்பே வெந்து முடிந்துவிட்டது. வெந்தது என்றால், அதற்கும் முன்பே படிந்தது என்று பொருள். ஆகவே மாத்தளையிலோ திகனையிலோ உள்ள பளிங்கு உருமாறாமல் பழைய சுண்ணாம்புக்கல்லாகவே இருந்திருந்தாலும் அதில் சிப்பி இருக்காது, சிப்பி என்ற பிராணியே அப்போது இல்லை. உங்கள் மலையில் எலும்பு வராதது கூர்ப்புக்கு எதிரான சான்றே அல்ல. இந்த வயதுப் பாறையில் ஒரு முயல் எலும்பு வந்திருந்தால்தான் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பாறைக்கு மேலுள்ள மண்ணிலாவது எலும்பு கிடைக்கக் கூடாதா? தேயிலை நன்றாக வளர்வதே pH 4.5 முதல் 5.5 வரையான அமில மண்ணில். எலும்பின் கனிமப் பகுதி கல்சியம் பொசுபேற்று, அமிலம் அதைக் கரைக்கும். அதோடு ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை. தோட்டத்தில் செத்த மாட்டைப் புதைத்த இடத்தைச் சில தலைமுறை கழித்துத் தோண்டினால் பல் மட்டும் அகப்படலாம், சிலவேளை அதுவும் இல்லை.

ஆனாலும் மலையில் "உயிர்ச்சுவடு" கண்டெடுத்ததாகச் சொல்லிப் படம் அனுப்புவோர் குறைவில்லை. அவற்றில் பெரும்பாலானவை நாலு வகைக்குள் அடங்கும். பாறை வெடிப்பின் முகத்தில் கறுப்பாக பன்னம் (ஃபேர்ன்) இலை போலக் கிளைத்திருப்பது மங்கனீசு ஒட்சைட்டுப் படிவு. வெடிப்பின் தளத்தில் மட்டும் பூசினாற்போல இருக்கும், உள்ளே இலையின் நடு நரம்பு இருக்காது. மண்வெட்டில் வரிசையாக நிற்கும் "பெரிய முட்டைகள்" உருண்டையாகச் சிதைந்த பாறை, உடைத்தால் வெங்காயம் போலத் தோல் தோலாகக் கழன்று நடுவில் சிதையாத பாறை தெரியும். நார் நாராக, பட்ட மரம் போல இருப்பது சிலிமனைட்டு அல்லது பட்டைப்பாறை. குழாய் குழாயாக ஓட்டையுள்ள செங்கல் நிறக் கல் கபுக்கல், அதிலுள்ள துளை வேர் போன வழியாக இருக்கலாம், விலங்கின் எலும்பு அல்ல.

இலங்கையில் உண்மையான உயிர்ச்சுவடுக்கு அடையற் பாறையைத் தேடிப் போக வேண்டும். புத்தளம் பக்கம் தப்போவையில் ஜூராசிக் காலத் தாவர இலைச்சுவடுகள் உண்டு. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலக் கடலில் படிந்தது, கிணறு வெட்டிய கல்லை உற்றுப் பார்த்தாலே சிப்பி, முருகைக்கல் துண்டுகள் தெரியும். சுற்றுலா என்று பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போகும் பாடசாலைகள் கோயிலையும் கோட்டையையும் பார்த்துவிட்டு அந்தக் கல்லில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுத் திரும்பிவிடுகின்றன, பாவம். மலையின் உச்சியிலும் ஒன்று இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. ஹோர்ட்டன் சமவெளியின் சேற்றுநிலங்களில் அடுக்கடுக்காகப் படிந்த முற்றாநிலக்கரி மண்ணில் ஏறத்தாழ 24,000 ஆண்டு மகரந்தம் அழியாமல் கிடக்கிறது. மகரந்தத்தின் வெளித்தோலை அமிலம் கரைக்காது, எலும்பைத் தின்னும் அதே அமிலச் சேறு மகரந்தத்தைப் பாதுகாக்கிறது. அந்த மகரந்தத்தை எண்ணிப் பார்த்துத்தான், கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில் இன்று மூடுபனி மூடிக்கிடக்கும் அந்த மேட்டுநிலம் இப்போதையதைவிட வறண்டிருந்தது என்று அறிந்தார்கள்.

இனி இரத்தினபுரி. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் பள்ளத்தாக்கில் கொட்டிய சரளைப் படைதான் மாணிக்கக்காரர் "இல்லம்" என்பது. மேலே வண்டல், அதன் கீழே களி, களிக்கும் கீழே இல்லம். அங்கே எலும்பு மிஞ்சியதற்குக் காரணம், இல்லம் எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழே, களியின் மூடலுக்குள், ஒட்சிசன் குறைவாகக் கிடப்பது. அங்கும் முழு எலும்புக்கூடு வருவது அரிது. ஆற்றில் உருண்டு வந்ததில் தேறுவது பல். பல்லின் வெளிப்படையான மிளிரியில் (எனாமல்) ஏறத்தாழ 96 வீதம் கனிமம், உடலில் அதைவிடக் கடினமானது வேறில்லை.

பல் என்றாலும் எந்தப் பல் என்று பார்க்கத் தெரிய வேண்டும். தேய்ந்த அரைக்கும் பரப்பைத்தான் பார்ப்பது. யானையின் கடைவாய்ப்பல்லில் மிளிரி குறுக்காக, ஒன்றன் பின் ஒன்றாக, ஒடுங்கிய பட்டிகளாக நிற்கும். சரளையில் பல் உடைந்து அந்தத் தகடு ஒன்று மட்டும் தனியாக வந்தால் அது என்னவென்றே தெரியாமல் எறிந்துவிடுவார்கள். நீர்யானையின் கடைவாய்ப்பல் தேயும்போது மூவிலை வடிவம் இரட்டை இரட்டையாகத் தெரியும், அதன் கோரைப்பல்லில் நீளவாக்கில் வரிகள் ஓடும். காண்டாமிருகத்தின் மேல் கடைவாய்ப்பல் கிரேக்க எழுத்து பை (π) போல. மாடும் காட்டெருதும் பிறைப் பிறையாக. பன்றியுடையது குமிழ் குமிழாக. நாக்கில் வைத்து ஒட்டுகிறதா என்று பார்க்கும் பழைய பரிசோதனை ஒன்று உண்டு, துளையுள்ள எலும்பு ஒட்டும், கல் ஒட்டாது. மாணிக்கக் குழியில் அதைச் செய்ய வேண்டாம், அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும்.

இந்தப் பற்களை வாழ்நாள் முழுக்கச் சேர்த்து விவரித்தவர் கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. இ. பி. தெரணியகல. நீர்யானை, காண்டாமிருகம், காட்டெருது என்று பலவற்றை அவர் பெயரிட்டார். குருவிட்டப் பக்கம் கிடைத்த பற்களை வைத்து 1939இல் ஒரு சிங்கத்தையும் விவரித்தார். கொடியில் நிற்கும் சிங்கத்துக்கு நிலத்தில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தப் பற்கள்தான். சில பற்களை மட்டும் வைத்துத் தனித் துணையினம் என்று பெயரிட்டது கூடுதல் என்று பின்வந்தவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீர்யானை இருந்தது என்பதில் தகராறு இல்லை.

எப்படி வந்தன? நடந்துதான். கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் வரை கீழே இருந்தது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி பதினைந்து மீற்றர் ஆழம்கூட இல்லை. ஆகவே அப்போது இலங்கை தீவே அல்ல, இந்தியாவின் தெற்கு முனை. பனிக்காலம் ஒன்றல்ல, பலமுறை வந்து போனது, ஒவ்வொரு முறையும் வழி திறந்தது. பிறகு கடல் ஏறியது, வழி அடைபட்டது. தீவில் மாட்டிக்கொண்ட கூட்டம் குறைந்தால் மறுகரையிலிருந்து புதிதாக எதுவும் வந்து சேராது. இந்தியாவில் காட்டெருது இன்றும் இருக்க இங்கே இல்லாமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம். காட்டெருது போனது மிகப் பழைய கதையும் அல்ல. கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியான தன் நூலில், அரசனின் விலங்குகளோடு "கவர" என்ற ஒன்றைக் கண்டதாக எழுதுகிறார்: முதுகு கூரிய மேடாக, நாலு காலிலும் பாதிவரை வெள்ளை. ஒன்றே ஒன்றைத்தான் கண்டாராம். அந்த வெள்ளைக் காலுறை காட்டெருதுக்கு உரியது.

"அழிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போனால், அதன் ஆரம்பத்திலேயே ஓர் இலங்கை யானை நிற்கிறது. 1795இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைப் பிடித்தபோது அங்கிருந்த அரும்பொருட் சேகரிப்பைப் பாரிஸுக்கு அள்ளிச் சென்றது. அதில் இரண்டு யானை மண்டையோடுகள்: ஒன்று இலங்கையிலிருந்து, மற்றது தென்னாபிரிக்க முனையிலிருந்து. 26 வயதான பிரெஞ்சு விலங்கியலாளர் ஜோர்ஜ் குவியே 1796இல் இரண்டின் பற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இலங்கை யானையின் பல்லில் பட்டிகள் நேராக, ஆபிரிக்க யானையின் பல்லில் சாய்சதுரமாக. இரண்டும் ஒரே இனமல்ல என்று அதற்கு முன் யாரும் உறுதியாக நிறுவியிருக்கவில்லை. அடுத்து சைபீரியாவில் கிடைத்த, மாமத் என்ற யானை போன்ற விலங்கின் தாடையை எடுத்தார். அது இரண்டோடும் சேரவில்லை. இவ்வளவு பெரிய விலங்கு உயிரோடு இருந்தால் யார் கண்ணிலும் படாமல் எங்கே ஒளிந்திருக்கும்? அப்படியானால் அந்த இனம் முழுவதும் இல்லாமல் போயிருக்கிறது. ஓர் உயிரினம் பூண்டோடு அழியலாம் என்பது விஞ்ஞானத்தில் நிலைபெற்றது இந்த வாதத்தால். குவியே கூர்ப்பை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இனமழிவும் கூர்ப்பும் தனித்தனிக் கூற்றுகள், தனித்தனியாக நிரூபிக்கப்பட்டவை. பரீட்சையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவோர் பலர்.

குவியேயின் வாதம் எங்கே பலமானது, எங்கே பலவீனமானது என்று கவனியுங்கள். யானைக்கு அது சரி, யானை ஒளிய முடியாது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்த வேட்டையும், கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு வெட்டியதுமாக, ஹோர்ட்டன் சமவெளியில் யானை இல்லாமல் போனது. அங்கே யானை இருக்கிறதா இல்லையா என்று யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. (அது ஓர் இடத்திலிருந்து மறைவது மட்டுமே, இனமழிவு அல்ல. தாழ்நிலத்தில் அதே இனம் இருக்கிறது.) இரண்டு அங்குலத் தவளைக்கு இதே வாதத்தைப் போட்டால் காலை வாரிவிடும். இயற்கை ஆய்வாளர் கெலார்ட் நுவரெலியாவிலிருந்து 1853இல் விவரித்த புள்ளி மரத்தவளை அழிந்ததாகவே பதிவாகியிருந்தது. 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் உயிரோடு கண்டார்கள். 1876க்குப் பிறகு காணாத கண்டிக் குள்ளத் தேரையும் அதே காட்டில் அதே ஆண்டு அகப்பட்டது. கடலில் இதன் பெரிய உதாரணம் சீலகாந்து மீன்: உயிர்ச்சுவட்டு வரிசையில் 6.6 கோடி ஆண்டுகளோடு அது முடிந்திருந்தது, 1938இல் தென்னாபிரிக்கக் கடலில் உயிரோடு வலையில் ஏறியது. ஆகவே "அழிந்தது" என்ற முடிவு எப்போதும் மூன்றைப் பொறுத்தது: உடல் எவ்வளவு பெரிது, எவ்வளவு தேடினார்கள், இருந்திருந்தால் தடயம் மிஞ்சியிருக்கக்கூடிய இடமா. நீர்யானையும் காண்டாமிருகமும் இலங்கையில் அழிந்தன என்பது மூன்றிலும் தேறுகிறது.

தவளை விஷயத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. திரும்பக் கிடைத்தவை சில. இலங்கையில் அழிந்ததாகக் கருதப்படும் தவளையினங்கள் ஏறத்தாழ இருபது. அவற்றில் ஒன்றுக்கும் உயிர்ச்சுவடு இல்லை, அந்த அமில மண்ணில் இருக்கவும் முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ மதுசாரப் போத்தலில் போட்டு வைத்ததால்தான் அப்படியொன்று இருந்தது என்றே தெரிகிறது. போத்தலில் போடாமல் போனவற்றை எண்ண வழியில்லை. ஈரமலைக் காட்டு உயிர்கள் உயிர்ச்சுவட்டுப் பதிவில் ஏறுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், பதிவில் கடலடிச் சிப்பிகள் குவிந்து கிடப்பதற்கும் இதுதான் மறுபக்கம். உலகின் பேரழிவுகளை, உதாரணமாக 25.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேர்மியன் முடிவை, கடல் ஓடுகளை எண்ணித்தான் கணக்கிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அரியலூர்ப் படிவுகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கிரேத்தேசியப் படைகளில் அம்மோனைற்று என்ற, அழிந்துபோன கடற்பிராணியின் ஓட்டுச் சுருள்கள் ஏராளம், அதற்கு மேலுள்ள நின்னியூர்ப் படையில் ஒன்றுகூட இல்லை.

சரி, கூர்ப்பு எங்கே? ஒரு பல் தனியாக அதற்குச் சான்றாகாது. எந்தப் படை முந்தியது, எது பிந்தியது, அந்த வரிசையில் உடலமைப்பு எப்படி மாறுகிறது என்பதுதான் சான்று. அதோடு, இன்னும் தோண்டாத இடத்தில் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிய வேண்டும். ஏறத்தாழ 38 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறையில் மீன்கள் உண்டு, 36.5 கோடி ஆண்டுப் பாறையில் நாலுகால் பிராணிகள் உண்டு. இடைப்பட்டது இருந்தால் 37.5 கோடி ஆண்டு வயதுள்ள ஆற்றுப் படிவில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்த வயதுப் பாறை வெளியே தெரியும் இடமாகக் கனடாவின் எல்ஸ்மியர் தீவைத் தேர்ந்து போனது உயிர்ச்சுவட்டு ஆய்வாளர் நீல் ஷூபினின் குழு. 2004இல் டிக்டாலிக் கிடைத்தது: செதிலும் துடுப்பும் மீனுடையது, கழுத்தும் மணிக்கட்டு எலும்பும் மீனுக்கு இல்லாதது.

நீர்யானைப் பல்லில் ஆர்வம் இருந்தால் அதைவிட நெருக்கமான ஒன்று உண்டு. நீர்யானைக்கு உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு பன்றியோ காண்டாமிருகமோ அல்ல, திமிங்கிலம். டி.என்.ஏ இதைச் சொன்னபோது எலும்பு ஆய்வாளர் பலர் நம்பவில்லை. 2001இல் பாகிஸ்தானிலிருந்து வந்த, ஏறத்தாழ 4.7 முதல் 5 கோடி ஆண்டு பழைய காலுள்ள திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பு அவர்களை வாயடைக்க வைத்தது. இதை வகுப்பில் ஒரு வெள்ளாட்டின் பின்னங்காலை வைத்தே காட்டலாம். இறைச்சிக் கடையில் பின்னங்கால் மடங்கும் மூட்டை வெட்டாமல் முழுதாகக் கேட்டு வாங்குங்கள், சூப்புக்கு நறுக்கிவிட்டால் பயனில்லை. இரண்டு, மூன்று மணித்தியாலம் அவித்துச் சதையைக் கழற்றினால் மூட்டின் நடுவில் மூன்று சென்ரிமீற்றர் அளவில், கட்டையாக ஓர் எலும்பு வரும். அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் கிணற்றுக் கப்பி போல நடுவில் பள்ளம் இருக்கும். மேலே மட்டும் கப்பி இருப்பது நாய்க்கும் பூனைக்கும் உண்டு, இரண்டு முனையிலும் இருப்பது ஆடு, மாடு, மான், பன்றி, நீர்யானை என்ற இரட்டைக்குளம்புக் கூட்டத்துக்கு மட்டும். அந்தப் பழைய திமிங்கிலங்களுக்கும் இதே இரட்டைக் கப்பி இருந்தது. காதெலும்பு திமிங்கிலத்துடையது, கணுக்கால் ஆட்டினத்துடையது. கடலில் மட்டும் வாழும் இன்றைய திமிங்கிலத்துக்குப் பின்னங்காலே வெளியே தெரியாது, ஆகவே இந்த உறவை எலும்பில் காட்ட உயிர்ச்சுவட்டை விட்டால் வழியில்லை.

இரத்தினபுரிப் பற்களால் இப்படியொரு வரிசையை ஏன் கட்ட முடியவில்லை? முதலாவது, ஆறு பழைய படையை அரித்துப் புதிய படையில் கொட்டும். ஒரே குழியில், ஒரே ஆழத்தில் கிடந்த இரண்டு பற்கள் ஒரே காலத்தவை என்பதற்கு உத்தரவாதமில்லை. இரண்டாவது, இல்லத்தை வட்டியில் (அலசும் கூடையில்) போட்டுத் தண்ணீரில் அலசும்போதுதான் பல் கண்ணில் படுகிறது, அது எந்த மட்டத்தில் இருந்தது என்பது அதற்குள் தண்ணீரோடு போய்விடுகிறது. மூன்றாவது, காபன் காலக்கணிப்பு ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. அதற்குள் உள்ளவற்றுக்கும் எலும்பில் கொலாஜன் என்ற புரதம் மிஞ்சியிருக்க வேண்டும், சூடான ஈர நிலத்தில் அது சீக்கிரம் போய்விடும். எரிமலைச் சாம்பல் படை இருந்தால் அதை வைத்து மேலும் கீழும் வயது பிடிக்கலாம், நம்மிடம் அது இல்லை. பல்லின் மிளிரியில் யுரேனியத் தொடர் முறையும், சுற்றியுள்ள மணலில் ஒளிர்வு முறையும் (மணல் கடைசியாக ஒளி பட்டு எவ்வளவு காலம் என்று அளப்பது) உதவும். மணலுக்கு ஒரு நிபந்தனை: தோண்டி எடுக்கும்போதோ எடுத்த பிறகோ வெயில் பட்ட மணல் பயனற்றது. குருவிட்டப் பத்ததொம்ப குகை, கித்துல்கலப் பெலி குகை போன்றவை இதற்கு நேர்மாறு. அங்கே படைகள் குலையாமல் இருக்கின்றன, கரி கிடைக்கிறது, மனிதர் தின்றுபோட்ட நத்தை ஓடும் சாம்பலும் மண்ணின் அமிலத்தை முறித்ததால் குரங்கு, அணில், முள்ளம்பன்றி எலும்புகள் மிஞ்சின. ஆனால் அவை வேட்டைக்காரரின் குப்பை, தூக்கிக்கொண்டு வரக்கூடியதே அதில் இருக்கும்.

ஆகவே உங்கள் வீட்டாரோ தெரிந்தவர்களோ குழியில் வேலை செய்தால் அவர்களிடம் சொல்ல வேண்டியது இது. பல்லோ எலும்போ தெரிந்தால் உடனே பிடுங்க வேண்டாம். பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அடிமட்டத்தையோ வைத்து, சுவரும் படையும் தெரியும்படி போனில் படம் எடுக்கவும். தரைமட்டத்திலிருந்து ஆழத்தை அளந்து, களியிலா இல்லத்திலா என்பதோடு எழுதி வைக்கவும். சுற்றியிருந்த மண்ணில் ஒரு பெரிய கட்டியை அப்படியே கறுப்புப் பொலித்தீனில் கட்டிவைக்கவும். எடுத்ததைத் தேய்த்துக் கழுவவோ வெயிலில் போடவோ கூடாது. நீரில் ஊறிக் கிடந்த தந்தமும் பல்லும் வேகமாகக் காய்ந்தால் தகடு தகடாகப் பிளக்கும். ஈரக் கடதாசியில் சுற்றி, சில துளையிட்ட பொலித்தீன் பைக்குள் நிழலில் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல உலர விடவும். வார்னிஷ், சுப்பர் குளூ எதுவும் வேண்டாம், பூசிவிட்டால் பின்னர் காலக்கணிப்புக்கு மாதிரி எடுப்பது கெட்டுப்போகும். உடைந்த துண்டுகளை ஒட்டாமல் ஒரே பையில் போடவும். பிறகு இரத்தினபுரி தேசிய நூதனசாலைக்கோ பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறைக்கோ படத்தை முதலில் அனுப்பி, பொருளைக் கொண்டுவரட்டுமா, நீங்கள் வந்து குழியைப் பார்க்கிறீர்களா என்று கேட்கவும். குழியில் தண்ணீர் இறைப்பதை நிறுத்தினால் ஓரிரு நாளில் நிரம்பிவிடும், ஆகவே அந்தக் கேள்வியை அன்றே கேட்பது நல்லது.